நாடகப் பொறுப்பும் முப்பது பயில்வான்களும்

ஆண்டு விழா நாடகத்தை யார் நடத்துவது என்று தலைமையாசிரியை கேட்டு மூன்று நாளாகியும் கடத்தூர் பள்ளியில் யாரும் முன்வரவில்லை. போன வருஷம் மேடையிலேயே ராஜாவும் மந்திரியும் சடையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தார்கள்.

மற்றவர்கள் சாக்குச் சொல்லித் தப்பிவிட, மிஞ்சியது மூவர்: கணக்கு டீச்சர் வஹிதா, தையல் டீச்சர் இசபெல்லா, விளையாட்டு டீச்சர் தீர்த்தம்மாள். எட்டாம் வகுப்பில் பிடுங்கிய சீட்டுக்கட்டு ஒன்று மேசைமேல் கிடந்தது. சீட்டுக்கு ஒரு பயில்வான்; படத்துக்குக் கீழே உயரம், எடை, மார்பளவு, ஜெயித்த சண்டைகள்.

“இதுல தோக்கறவங்க நாடகம் நடத்தட்டுமுங்க” என்றார் தீர்த்தம்மாள்.

“குலுக்கிப் போட்டா வெறும் அதிர்ஷ்டம்” என்றார் வஹிதா. “முப்பதையும் விரிச்சு வெச்சு ஒவ்வொண்ணா எடுக்கலாம்.”

“மொதல்ல எடுக்கறவங்க நல்லதைத் தூக்கிக்குவாங்களே?” என்றார் தீர்த்தம்மாள்.

“அதுக்குத்தான் கடைசி ஆளு சேர்ந்தாப்ல ரெண்டு எடுக்கணும். அப்புறம் வரிசை வந்த வழியே திரும்பணும். ஆட்டத்துல மொதக் கேள்வியும் கடைசி ஆளுக்கே. இதுக்கு மேல நியாயம் கெடையாதுங்க.”

திருவுளச்சீட்டில் வஹிதா முதல், இசபெல்லா கடைசி. வஹிதா இருநூறு கிலோ பயில்வானை எடுத்தார். தீர்த்தம்மாள் உயரமானவனை எடுத்தார். அதன்பின் இருவரும் ஒருவருக்கு வேண்டியதை மற்றவர் பறிப்பதிலேயே குறியாக இருந்தார்கள். இசபெல்லாவோ, “ஐயோ பாவம், இவனுக்குச் சட்டைத்துணி மூணு மீட்டர் பத்தாது” என்று இரங்கி இரங்கி எடுத்தார். நாடகம் இவர் தலையில்தான் என்று வஹிதா நிம்மதியடைந்தார்.

ஆளுக்கொரு சீட்டு இறக்க, கேட்கும் அளவில் யார் எண் பெரிதோ அவர் மற்ற சீட்டுகளை அள்ளலாம். அள்ளியவரே அடுத்தும் கேட்கலாம்.

“மார்பளவு, அம்பத்தெட்டு” என்றார் இசபெல்லா. இருநூறு கிலோவுக்கு ஐம்பத்திரண்டுதான்.

“மார்பளவு, அறுபது.”

“வேற ஏதாச்சும் கேளுங்க டீச்சர்!” என்றார் வஹிதா.

“எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானுங்க. மார்பளவு.”

பத்தாவது சீட்டோடு ஆட்டம் முடிந்தது. வஹிதாவுக்கு ஒருமுறைகூடக் கேட்க வாய்ப்பு வரவில்லை.

“செல்லாது!”

“விதி நீங்க போட்டதுதானே” என்றார் தீர்த்தம்மாள், தானும் தோற்றதை மறந்து.

தோற்ற இருவரும் நாடக வேலைகளை மாறி மாறிப் பொறுக்கிக்கொண்டார்கள். ஒத்திகை ஒருவருக்கு, திரை ஒருவருக்கு. உடைகளை மட்டும் இருவரும் தொடவில்லை. கடைசியில் வஹிதாதான் தயங்கித் தயங்கி இசபெல்லாவிடம் போனார்.

“துணி தைக்கிறதை நான் பாத்துக்கறேன்னு அப்பவே சொல்ல வந்தேனுங்க” என்றார் இசபெல்லா. “நீங்க நியாயம் பேசிட்டே இருந்தீங்க.”