ஐந்து முகமூடிகளும் தாமாரின் நாக்கும்

தென் கரோலினாவில் அடிமைத்தனம் ஒழிந்து ஏழு வருஷம் ஆகியும், ஓட்டுப் போடப் போன நம்ம கறுப்பினத்தான் உயிரோடு திரும்புவானா என்பது சந்தேகம்தான். அதனால் எந்த ஆணும் தனியாகப் போவதில்லை. பெண்டாட்டிமார் கோடரியை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு கூடவே நடப்பார்கள்.

அன்று காலை நாற்பது பேர் பாலத்துக்கு வந்தபோது ஐந்து குதிரைகள் வழியை மறித்து நின்றன. மேலே இருந்த வெள்ளைக்காரர்களுக்கு முகத்தில் தலையணை உறை, கையில் துப்பாக்கி.

"டேய் ப்ரைமஸ், திரும்பிப் போடா. ஓட்டுப் பொட்டிப் பக்கம் வந்தே, பொணமாத்தான் போவே!"

முன்னால் நின்ற ப்ரைமஸ் ஓரடி பின்வாங்கினான். அவன் பெண்டாட்டி தாமாருக்கோ பயத்தோடு ஆத்திரமும் பொங்கியது. கிறுக்குப் பயல்கள்! டவுன் துணி மொத்தமும் வெளுப்பவள் அவள். அவள் வெளுத்த உறையையே மாட்டிக்கொண்டு அவளிடமே ஒளிய வந்திருக்கிறார்கள்.

"கும்பிடறேன் கில்யார்ட் ஐயா! அந்த நீல நூல் தையல் நான் போட்டது. டாக்டரய்யா, உங்க உறையில அந்தக் குழம்புக் கறை மூணு தடவ தேச்சும் போகலியே! டாட்ஸ்வொர்த் தம்பிங்களா, ரெண்டு பேரும் கல்யாண உறையில ஓட்டை போட்டது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நாற்பது பேர் காதில் பெயர் விழுந்துவிட்டது; டவுனில் முகமூடிக்காரர்களைப் பிடிக்க வந்த வடக்கத்திப் பட்டாளம் வேறு இருக்கிறது. நான்கு குதிரைகள் திரும்பி ஓட்டம் பிடித்தன.

ஐந்தாமவன் நகரவில்லை. துப்பாக்கி ப்ரைமஸின் நெஞ்சைப் பார்த்து நின்றது.

தாமார் குதிரைக்கு அருகில் போனாள். "உன்னையும் தெரியும். பேரச் சொன்னா நாளைக்கே பட்டாளத்தான் ஜெயில்ல தள்ளுவான். சொல்லவா, வழி விடறியா?"

வெகுநேரம் கழித்துத் துப்பாக்கி தாழ்ந்தது. அவனும் போனான்.

டவுனில் ப்ரைமஸ் ஓட்டுப் போட்டுவிட்டுப் பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தான். "ஏன்டி, அந்த அஞ்சாவது ஆளு யாரு?"

"யாருக்குய்யா தெரியும்? அது புதுத் துணி. என் தொட்டிக்கே வந்ததில்ல."

அவன் சிரிப்பு நின்றது. தாமார் தெருவிலேயே உட்கார்ந்து, அவனையும் அவன் ஓட்டையும் கண்டபடி திட்டிக்கொண்டே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

"அடுத்த தேர்தலுக்கும் போவியா?"

ப்ரைமஸ் அவள் பக்கத்தில் குந்தினான். "நீ வருவேல்ல?"