பன்னிரண்டு போத்தல் அலுமாரி

றொஷானி முழந்தாளில் நின்று ஸ்குரூ இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா அன்று காலைதான் செத்துப்போயிருந்தார். பின்னேரம் ஐந்து மணிக்கு மலர்ச்சாலையிலிருந்து அவர் உடலோடு பெட்டி வந்துவிடும். பாலையூற்றில் அந்த ஒழுங்கைச் சனமெல்லாம் முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருக்க, செத்தவரின் மகள் உள்ளே பலகை பொருத்தி வைன் அலுமாரி பூட்டுகிறாள் என்றால் யார்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்?

அப்பாவின் தங்கை மக்டலின் மாமி வாசலில் வந்து நின்றாள்.

“என்ன பிள்ளை இது? மிச்சத்தை அஞ்சலோ வந்து பூட்டுவான்தானே.”

அதற்காகத்தான் அவள் பூட்டினாள். தம்பி அஞ்சலோ அடுத்தநாள் விடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வந்து அரைமணி நேரத்தில் முடித்துவிடுவான். பிறகு அது காலம் முழுக்க ‘அஞ்சலோ தகப்பனுக்குச் செய்து கொடுத்த அலுமாரி’ ஆகிவிடும். நினைக்கவே அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் எரியட்டும், அவள் ஒன்றும் புனிதை இல்லை.

அப்பா லெஸ்லி முப்பது வருஷம் உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரருக்கு வைன் ஊற்றிக் கொடுத்தவர். தம்பிக்குப் பயணிகள் கப்பலில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் ஒரு போத்தல் கொண்டு வருவான். அப்பா ஒன்றையும் திறக்கவில்லை. இருதயம் பலவீனமாகிக் கட்டிலோடு கிடந்த எட்டு மாதமும், பின்னேரமானால் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துவரச் சொல்லுவார். பழைய பெனியனால் துடைத்து, எந்தத் துறைமுகத்தில் வாங்கியது என்று வாசித்து, “என்ர மகன் காணாத கடல் இல்லை” என்பார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, அவருடைய பெட்பான் கழுவிய கையையும் கழுவிக்கொண்டு, அவள்தான் அந்தப் பன்னிரண்டையும் தூக்கி வந்தாள். அவளுக்கு அவர் சொன்னதெல்லாம் கஞ்சிக்கு உப்புக் காணாது என்பதுதான்.

பிறகு அலுமாரி ஆசை பிடித்தது. தக்கை காயாமலிருக்கப் போத்தல் படுத்திருக்க வேண்டுமாம். அவரும் அவளுமாய்ப் போனில் ஒரு கிழமை முழுக்கத் தேடினார்கள். குளிரூட்டும் பெட்டியின் விலைக்குப் பழைய ஓட்டோ ஒன்று வாங்கலாம். கரண்ட் போகும் ஊரில் அது வெறும் இறாக்கைத் தட்டுதான் என்று அப்பாவே ஒதுக்கிவிட்டார். கடைசியில் பன்னிரண்டு குழியுள்ள சாதாரண மரப்பெட்டியைப் பிடித்தார்கள். பலகை பலகையாகக் கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது. வெயில் படாத உள்சுவரோரம், பிரிட்ஜின் அதிர்வு எட்டாத தூரத்தில், இடத்தைக் கட்டிலில் கிடந்தபடியே அவர் காட்டினார். முந்தினநாள் மாலை மூன்றாவது தட்டை அவள் தலைகீழாகப் பூட்டிவிட்டாள்.

“அது மறுபக்கம், பிள்ளை.”

அவளோடு அவர் கதைத்த கடைசிக் கதை அதுதான். தம்பிக்குப் போனில் ‘சாப்பிட்டியா மகன்’ என்று கேட்டுவிட்டுத்தான் படுத்தார்.

அலுமாரிக் கதவையும் பொருத்தி, போத்தல்களைப் படுக்க வைத்து அவள் எழும்பும்போது அப்பாவின் பெட்டி வந்துவிட்டது. பாதர் கண்டால் என்ன நினைப்பார் என்று மாமி அவசரமாக அலுமாரியை வெள்ளைத் துணியால் மூடினாள். செபத்துக்கு வந்த பெண்களுக்கு அது தெரியாது. மாதாவுக்கு மேசை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சுரூபத்தையும் இரண்டு மெழுகுதிரியையும் மேலே வைத்து, முழந்தாளிட்டுச் செபமாலை தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டு போத்தலுக்கும் அருள் நிறைந்த மரியாயே கிடைத்தது. மாமி றொஷானியைப் பார்த்த பார்வையில், அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

அடுத்தநாள் பதினொரு மணிக்கு அஞ்சலோ வந்தான். சனம் விலகி வழிவிட்டது. மாமி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தகப்பனைத் தாங்கின பிள்ளை என்று ஒப்பாரி வைத்தாள். றொஷானி குசினிக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவனும் பின்னால் வந்து சுவரோடு சாய்ந்து நின்றான். துணியைத் தூக்கிப் பார்த்தேன் என்றான். யார் பூட்டியது என்று கேட்டான். நான்தான் என்றாள்.

“நான் ஏன் போத்தல் கொண்டு வந்தனான் தெரியுமோ அக்கா? போன் எடுத்தால் அப்பாக்கு உங்கட கதைதான். றொஷானி இப்பிடிச் செய்தவள், றொஷானி அப்பிடிச் சொன்னவள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒரு போத்தலைக் குடுத்தாலாவது என்னைப் பற்றி ரெண்டு கதை கதைப்பார் எண்டு பார்த்தனான்.”

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். “என்னவாம் சொன்னவர்?”

அவன் சொன்னான். ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டரோடு அவள் சண்டை பிடித்தது, அவருக்கு நோகாமல் நகம் வெட்டுவது, அவள் எழுத்து அச்சடித்த மாதிரி என்பது. அவள் நகக் கதையை மட்டும் இன்னொருதரம் சொல்லச் சொன்னாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையும் சொன்னான்.

பிறகு மெல்லக் கேட்டான். “அக்கா, என்னைப் பற்றி ஏதும் கதைக்கிறவரோ?”

பெனியன், துறைமுகங்களின் பேர்கள், காணாத கடல் இல்லை என்ற பெருமை எல்லாம் அவள் நாக்கு நுனியில் நின்றன. எட்டு மாதத்துப் பின்னேரங்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் ஆறிவிடுவான்.

“மூச்செடுக்கவே ஏலாமக் கிடந்தவர் தம்பி. கனக்கக் கதைக்கேல்ல.”

“ஓம் என்ன,” என்றான் அவன், நிலத்தைப் பார்த்தபடி.

வெளியே பாதரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவள் அவனுக்குப் பால் விடாத பிளேன்ரீ ஊற்றினாள். சீனி இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டு, அது முழுக்கக் கரையும்வரை கலக்கிக்கொண்டே நின்றாள்.