கட்டைவிரல் கோடு

டிரேவருக்குப் பதினோரு வார்த்தைகள் தெரியும். அம்மா, தண்ணி, பன், பஸ், லைட், மழை, சூடு, பட்டன், வேணாம், போலாம், ஆச்சு. ஆறரை வயதுப் பிள்ளைக்குப் பதினொன்றுதானா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் எத்தனை மாத ஸ்பீச் தெரபி, எத்தனை டஜன் பன் என்பது அவன் அப்பா ரெமிஜியசுக்குத்தான் தெரியும். பட்டனுக்கெல்லாம் இடம் கிடைத்த அந்தப் பட்டியலில் அப்பாவுக்கு இடமில்லை.

ஒரு காலத்தில் இருந்தது. ஒன்றரை வயதில் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் ‘அப்பா’ என்று தத்தித் தத்தி ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வான். ரெமிஜியசின் ஞாபகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஞாபகத்துக்குக் கணக்குக் கேட்பாரில்லை.

ஒன்பதாம் மாதத்தில் போடவேண்டிய தட்டம்மை ஊசியைக் கொரோனா ஊரடங்கு விழுங்கிவிட்டது. ஒன்றரை வயதில் ஒருவழியாகத் தூக்கிக்கொண்டு போனபோது, விட்டுப்போனதையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்றாள் நர்ஸ். பச்சைப் பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு குத்தா என்று தடுத்தவன் ரெமிஜியஸ். இன்று ஒன்று போதும், அம்மை ஊசிக்கு அடுத்த மாதம் வருகிறோம் என்றான். அந்த ஒன்றுக்கே இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. சில வாரங்களில் பிள்ளையின் பேச்சு நின்றுபோயிற்று. கூப்பிட்டால் திரும்பவில்லை. அந்த அடுத்த மாதமும் வரவில்லை.

ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அது வெளியே தெரிய ஆரம்பிக்கிற வயதும் ஊசி போடுகிற வயதும் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் பழம் எவன் தலையில் விழுந்ததோ அவன் காக்கையைத்தான் திட்டுவான். ரெமிஜியஸ் ஐந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தான்.

மனைவி சோஃபியா அப்படியில்லை. அவளும் முதலில் நம்பியவள்தான். ஒருநாள் பழைய போனில் டிரேவரின் முதல் பிறந்தநாள் வீடியோவைப் பார்த்தாள். கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவள் மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த ஊசிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ‘அப்பவே திரும்பல ரெமி, நீங்களே பாருங்க’ என்று போனை நீட்டினாள். அவன் பார்க்க மாட்டேன் என்றான். பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்த ஜனவரியில் சந்திரம்மா வந்தாள். ஃப்ரேசர் டவுனில் அவர்கள் தெருவுக்கெல்லாம் அவள்தான் ஆஷா, அதாவது வீடு வீடாக வருகிற அரசு சுகாதாரப் பணியாளர். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்பதெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவள். பக்கத்துத் தெருக்களில் நான்கு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறதென்றும், சனிக்கிழமை சர்ச் பள்ளிக்கூட ஹாலில் முகாம் என்றும் சொன்னாள். ‘சும்னே, சும்மாவே பயப்படறீங்க சார். அம்மை வந்தாத்தான் பயம்’ என்று ரெமிஜியசிடம் தனியாக ஒரு பாட்டமும் பாடினாள்.

அன்று அவனுக்கும் சோஃபியாவுக்கும் பெரிய வாக்குவாதம். பதினோரு வார்த்தையும் போய்விட்டால் நீ திருப்பித் தருவாயா என்று கேட்டான் அவன். ஒன்றும் போகாது, கீழ்வீட்டில் குளோரியாவின் கைக்குழந்தை இருக்கிறதே, அதற்காகவாவது போடவேண்டாமா என்றாள் அவள். குளோரியாவின் ரூபினிக்கு அப்போது ஐந்து மாதம். ஊசி போடுகிற வயது இன்னும் வரவில்லை. கடைசியில் ரெமிஜியஸ் சரி என்றான். சோஃபியா கமர்ஷியல் ஸ்ட்ரீட் துணிக்கடையில் பில் போடுகிறவள், சனிக்கிழமை லீவு கிடைக்காது. அதனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு அவனுக்கு வந்தது.

போனான். அதில் பொய்யில்லை. வரிசையிலும் நின்றான். முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. டிரேவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ‘வேணாம், வேணாம், போலாம்’ என்றான். பதினொன்றில் இரண்டு வார்த்தை. நாளைக்கு இதுவும் இருக்காதோ என்று பயந்தான் ரெமிஜியஸ். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் கன்னத்தில் கண்ணீரும், போட்டதற்கு அடையாளமாக இடது கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடுமாக வந்துகொண்டிருந்தன. ரெமிஜியஸ் அத்திபெலேயில் ஒரு பார்சல் குடோனில் சூப்பர்வைசர். நாள் முழுக்க அட்டைப்பெட்டிகளில் ஊர்ப்பெயர் எழுதுகிறவன், மார்க்கர் இல்லாமல் அவன் சட்டைப்பை இருந்ததே இல்லை. எடுத்தான். ‘ஒரு கோடுதான்டா ராஜா, ஒரே ஒரு கோடு’ என்று பிள்ளையின் நகத்தில் இழுத்தான். ஐந்து வருடக் கவலை ஒரு நொடியில் தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

டிரேவர் நகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பஸ் வந்தது, பஸ்ஸைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு தெளிவாக, ‘கோடு’ என்றான்.

பன்னிரண்டாவது வார்த்தை. ரெமிஜியஸ் நடுத்தெருவில் அழுதுவிட்டான். கர்த்தரே தன் பக்கம் இருக்கிறார் என்றுகூடத் தோன்றியது. பொய் சொல்கிறவனுக்கு அத்தாட்சிக்கா பஞ்சம்.

சாயங்காலம் சோஃபியா அந்த விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். கார்டு எங்கே என்று கேட்டதற்கு, எல்லாம் போனிலேயே ஏற்றிக்கொண்டார்களாம் என்றான். குளோரியாவும் பார்த்தாள். ‘அப்பாடா, இனி எம் பொண்ணுக்குப் பயமில்ல’ என்று ரூபினியை டிரேவரின் பக்கத்தில் பாயில் கிடத்தினாள். அவன் தன் கட்டைவிரலைக் குழந்தையிடம் நீட்டிக் காட்டினான்.

ஆனால் கோடு மங்கும். மங்கினால் டிரேவரால் தாங்க முடியாது. அவனுக்கு எல்லாம் நேற்று மாதிரியே இருக்கவேண்டும். அதனால் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் பாத்ரூமில் தினமும் ஒரு சடங்கு நடந்தது. பிள்ளை வந்து விரலை நீட்டி ‘கோடு’ என்பான், அப்பன் கதவைச் சாத்திவிட்டு இழுத்துவிடுவான். கவர்மெண்ட் மை ஓட்டு மை மாதிரி, லேசில் போகாது என்று சோஃபியா ஆச்சரியப்பட்டாள். ரெமிஜியஸ் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

மார்ச் முதல் வாரம் டிரேவருக்குக் காய்ச்சல் கண்டது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நாலாம் நாள் காதுக்குப் பின்னாலிருந்து சிவப்புச் சிவப்பாக இறங்கியது. கிளினிக்கில் இருந்த டாக்டர் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார். சோஃபியா பிள்ளையின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அப்படியானால் வேறு ஏதாவது வைரஸாக இருக்கும், பயப்படாதீர்கள் என்றார் அவர். திருடனுக்குத் தேள் கொட்டியது போல ரெமிஜியஸ் நின்றான். வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

வீட்டுக்கு வந்ததும் படியில் குளோரியா எதிர்ப்பட்டாள். டிரேவருக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க, ரூபினியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தாள்.

‘கொழந்தைய இப்ப மேல கொண்டு வராதம்மா’ என்றான் ரெமிஜியஸ்.

‘ஊசி போட்ட புள்ளதானே அண்ணா’ என்றாள் அவள்.

அவன் ஒதுங்கி வழிவிட்டான். பிறகு வந்த நாட்களிலெல்லாம் அவன் மனது அந்தப் படியிலேயே நின்றது. அதற்கு முன்பே தொற்றியிருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தான் ஒதுங்கியது மட்டும்தான்.

டிரேவர் பத்து நாளில் எழுந்துவிட்டான். எழுந்ததும் முதல் வேலையாக விரலை நீட்டினான். அடுத்த வாரம் ரூபினியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி, ஆக்சிஜன், பத்தொன்பது நாள். அங்கேதான் தட்டம்மை என்று பரிசோதனையில் உறுதியாயிற்று. சோஃபியா தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். தவக்காலம் அது. ரெமிஜியஸ் ஒரு வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னான். யாரிடம் சொன்னால் வெளியே போகாதோ அவரிடம் மட்டும் சொல்ல அவனுக்கு வாய் வந்தது. ‘என்கிட்ட சொல்லிட்ட. அந்தத் தாய்கிட்டயும் சொல்லு’ என்றார் சாமியார். சரி சாமி என்றான். பாரம் கொஞ்சம் குறைந்தது, குறைந்த பாரத்தோடு நாளைக் கடத்தினான்.

குழந்தை வீடு வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மூவரும் கீழே போனார்கள். ரூபினி இளைத்திருந்தாள், ஆனால் சிரித்தாள். பிழைத்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று ரெமிஜியஸ் மூச்சு விட்டான். குளோரியா ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக் குழந்தையின் முதுகுப்பக்கம் போய் உட்கார்ந்தாள். தட்டினாள். டிரேவர் காதைப் பொத்திக்கொண்டான். ரூபினி பாயின் பூவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

‘டெஸ்ட் எடுத்தாங்க சோஃபி அக்கா. அம்மையால ரெண்டு காதும் போச்சாம்’ என்றாள் குளோரியா. ‘ரூபி, ரூபி’ என்று கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை.

கூப்பிட்ட பிள்ளை திரும்பாமல் இருப்பது என்னவென்று அந்த அறையில் ரெமிஜியசை விட அறிந்தவன் கிடையாது. அந்தத் துக்கத்தை ஐந்து வருடம் சுமந்தவன், அதைக் கொண்டுவந்து இன்னொரு வீட்டில் இறக்கி வைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து சந்திரம்மா நோட்டும் கையுமாக வந்தாள். அம்மை கண்ட வீடுகளைக் குறித்துக்கொண்டு வருகிறாளாம். இந்த வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல், சிவப்பு வந்ததா என்று கேட்டாள். டிரேவருக்கு வந்தது, ஆனால் முகாமில் ஊசி போட்டவன் என்றாள் சோஃபியா. சந்திரம்மா பக்கங்களைப் புரட்டினாள், பேர் இல்லை. விரலைப் பார்த்தாள்.

‘நம்ம மை ரெண்டு மூணு வாரம்தானே இருக்கும் மேடம். இது புதுசா இருக்கே’ என்றாள்.

சோஃபியா புருஷனைப் பார்த்தாள். ரெமிஜியசுக்குப் பொய் தயாராகவே இருந்தது. பிள்ளைக்குப் பிடித்திருந்தது, அதனால் மேலே மேலே போட்டுவிட்டேன், பேரை அவர்கள்தான் விட்டிருப்பார்கள். வாயைத் திறந்தான்.

அதற்குள் டிரேவர் வந்தான். எல்லோரும் தன் விரலையே பார்க்கிறார்கள் என்று புரிந்திருக்கவேண்டும். அப்பனின் சட்டைப்பையிலிருந்து மார்க்கரை உருவி அவன் கையில் வைத்தான். கட்டைவிரலை நீட்டினான்.

‘அப்பா’ என்றான். கொஞ்சம் நிறுத்தி, ‘கோடு’ என்றான்.

சோஃபியாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஐந்து வருடமாகக் காணாமல் போயிருந்த வார்த்தை, அதுவும் இன்னொன்றோடு சேர்ந்து, பிள்ளை வாயிலிருந்து முதன்முதலாக வருகிறது. அந்தச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. மற்றது பின்னால் வந்தது. மலர்ந்த முகம் அப்படியே வெளுத்துப்போவதை ரெமிஜியஸ் பார்த்தான்.

‘நான்தான் போட்டேன்’ என்றான். ‘அன்னிக்கு ஊசி போடல. வரிசையில இருந்து திரும்பி வந்துட்டேன். கோடு நான் போட்டது.’

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். சந்திரம்மா நோட்டை மூடினாள். குளோரியா அவன் பக்கமே பார்க்காமல், மறுபடி கரண்டியை எடுத்துக் குழந்தையின் பின்னால் தட்டைத் தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள்.

டிரேவர் நீட்டிய விரலை மடக்கவில்லை. ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டு, ‘அப்பா’ என்று மறுபடி கூப்பிட்டான். ‘அப்பா, அப்பா’ என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான். அந்த வார்த்தைக்காக ஐந்து வருடம் காத்திருந்த ரெமிஜியசால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.