ஜியாவுல்லாவின் நெஞ்சில் தாக்

ஆம்பூர் தோல் மண்டியில் ஜியாவுல்லாவின் கண்ணுக்குத் தப்பிய கறை கிடையாது. தோலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், பொட்டளவு கறை தெரிந்தாலும் "தாக்!" என்று உருதுவில் கத்தி ஓரமாக வீசிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு பாழாய்ப்போன இருமல் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்காகியும் விடவில்லை. மனைவி அக்தரி பேகம் அவரை ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே புதுசாக ஒரு மெஷின் வந்திருந்தது. தோல்காரருக்குப் புரியட்டும் என்று கம்பவுண்டர் அவர் பாஷையிலேயே விளக்கினார்.

"கத்தியே வைக்க வேணாம், பாய். தோலைத் தாண்டி உள்ளே பூந்து படம் புடிக்கும். நெஞ்சுல தாக் இருந்தா அப்படியே காட்டிக் குடுத்துடும்."

ஜியாவுல்லா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். ஏனென்றால், அவர் நெஞ்சில் ஒரு தாக் இருந்தது.

போன பெருநாளைக்கு ஆற்காட்டிலிருந்து வந்த மக்கன் பேடாவை, ஒரு டப்பா முழுக்க, அலமாரிக்குப் பின்னால் நின்று தின்று தீர்த்தவர் இவர். பழியைப் போட்டதோ, விருந்துக்கு வந்திருந்த மாமியார் நசீமுன்னிசா மேல்! பாவம், அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போன அம்மாள் இன்றுவரை மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகளும் அம்மாவை நினைத்து அழாத வெள்ளிக்கிழமை இல்லை. இது படத்தில் தெரிந்தால் குடும்பம் என்னாகும்? மெஷின் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் திட்டு கொஞ்சம் கம்மி என்று நினைத்தார்.

"அக்தரி, அந்தப் பேடா... உங்கம்மா இல்லே. நான்தான்."

அவள் வாய் திறப்பதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மூச்சை அடக்கச் சொன்னார்கள். அவர் ஏற்கெனவே அடக்கித்தான் வைத்திருந்தார்.

படம் காய்ந்து வந்ததும் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "சுத்தமா இருக்கு. க்ஷயம் இல்லே. மண்டித் தூசிதான்."

"தாக்?" என்றார் ஜியாவுல்லா ஈனசுரத்தில்.

"க்ஷயம் வந்தா நுரையீரல்ல புள்ளி விழும். கம்பவுண்டர் அதைச் சொல்லியிருப்பார்."

அடக் கஷ்டமே! வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாரே மனுஷன்!

அக்தரி பேகம் படத்தை வாங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் விலா எலும்பு. அத்தனை ஆத்திரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

"நடங்க. ஆற்காட்டுல பேடா வாங்கிட்டு நேரா அம்மா வீட்டுக்கு."

"இருமல் ஜாஸ்தியா இருக்கே..."

"உங்க நெஞ்சுல தாக் இல்லேன்னு டாக்டரே சொல்லிட்டார். அது எங்கம்மா மேலதான் இருக்கு. நீங்களே வந்து தொடைங்க."