படகு எனப் பதியப்பட்ட மொரிஸ்

சுனாமி வந்த காலை கனகசூரியம் செய்த ஒரே காரியம் பிரேக்கை மிதித்ததுதான்.

கல்குடாவில் வீட்டு வாசலில் நின்ற தன் பச்சை மொரிஸ் மைனரை அவர் அப்போதுதான் ஸ்டார்ட் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, பூரணை. மனைவி கண்ணகை, கோயிலுக்குக் கொண்டுபோகும் தட்டத்தை மடியில் வைத்தபடி பின் சீற்றில் இருந்தாள். தண்ணீர் முதலில் வாசல் படலையைத் தூக்கியது, பிறகு காரைத் தூக்கியது. கார் மிதந்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு மேலாக, குறுகிய ஒழுங்கைப் பாதைக்கு மேலாக, அரை மைல் தூரம் அது போனது. அவ்வளவு தூரமும் கனகசூரியம் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலது காலால் பிரேக்கை முழுப்பலத்தோடும் மிதித்துக்கொண்டே இருந்தார். இரண்டு பனைகளுக்கு நடுவில் கார் சிக்கிக்கொண்டது. இருவரும் ஜன்னல் வழியாகக் கார்க் கூரையில் ஏறினார்கள். பின்னேரம்வரை அங்கேதான் இருந்தார்கள்.

அந்த ஒழுங்கையில் பதினொரு பேர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றிக் கனகசூரியம் பிறகு யாரிடமும் பேசவில்லை. பிரேக்கைப் பற்றித்தான் பேசினார். தான் மிதித்த மிதியில்தான் அது உடைந்தது என்று அவர் உறுதியாக நம்பினார். தண்ணீரில் பிரேக் எதைப் பிடிக்கும் என்று கண்ணகை ஒருமுறை கேட்டாள்.

காகித ஆலையில் முப்பது வருடம் லொறி ஓட்டியவர் அவர். ஆலையை விட்டுப்போன ஒரு இஞ்சினியரிடம் வாங்கிய கார் அது. ஐம்பத்தைந்தாம் ஆண்டுத் தயாரிப்பு. ஓய்வுபெற்ற பிறகு கலியாண வீடுகளுக்கும் ஆசுப்பத்திரிக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது வீடு இல்லை. அகதிகளுக்குக் கொடுத்த வெள்ளைக் கூடாரமும் அதன் பக்கத்தில் பனையிலிருந்து மீட்ட காரும்தான் மிச்சம்.

ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருந்த அஹமட் வந்து இஞ்சினைக் கழற்றிக் கழுவிப் பூட்டினான். மாசி மாதம் இஞ்சின் வேலை செய்தது. பிரேக் செய்யவில்லை. பெடலை மிதித்தால் அது தரைவரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. இடது பின்சில்லின் உட்பக்கம் ஈரமாகி, விடியும்போது ரயருக்குக் கீழே தேத்தண்ணிக் கோப்பை அகலத்துக்கு பிரேக் ஒயில் தேங்கி நிற்கும். அஹமட் சில்லைக் கழற்றி, உள்ளே இருந்த சிறிய சிலிண்டரில் ரப்பர் கப்பை மாற்றினான். ஒரு கிழமை நின்றது, மறுபடி ஒழுகியது. இன்னொரு கப் போட்டான். அது நான்கு நாள்.

மூன்றாம் தடவை சிலிண்டரை வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தான்.

"உள்ளுக்கு உப்பு திண்டிரிக்கி, அண்ணன். அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக் கிடக்கு. எந்த ரப்பரப் போட்டாலும் கிழிச்சிப்போடும்."

"நான் மிதிச்சதாலயோ?"

"உப்பாலதான்."

கனகசூரியம் அதை நம்பவில்லை. புதுச் சிலிண்டர் கொழும்பில் தேடியும் கிடைக்கவில்லை. இருந்த ஒரே வழி, சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து பெருப்பித்து, உள்ளே மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றை இறுக்கிவிடுவது. ஆனால் அந்தப் பக்கத்தில் லேத் வேலை தெரிந்த ஒரே மனிதரை, அவருடைய மெசினோடு சேர்த்து, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று வேலைக்கு எடுத்துவிட்டது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் அவர்கள் நடத்திய படகு திருத்தும் நிலையத்தில் அவர் இருந்தார். அங்கே படகுகளுக்கு மட்டும்தான் வேலை. நிறுவனத்தின் பட்டியலில் இலக்கம் உள்ள படகாக இருக்க வேண்டும்.

"அதுக்கென்ன," என்றான் அஹமட். "உங்கட கார்ல இலக்கம் இரிக்கிதானே."

இருந்தது. அது எழுதப்பட்ட விதம் இப்படி.

தை மாதம், அதே நிறுவனத்திலிருந்து நிருஷா என்ற பெண் படிவங்களோடு கூடாரம் கூடாரமாக வந்தாள். கனகசூரியம் தனக்கு நேர்ந்த நட்டமாகக் காரைச் சொன்னார். தொழில் நட்டத்துக்கான அந்தப் படிவத்தில் கடை, படகு, வலை, ஆடுமாடு என்று நான்கு பெட்டிகள்தான் இருந்தன. கார் இல்லை. வெறும் படிவம் கொண்டுபோனால் மேலதிகாரி திருப்பி அனுப்புவார், பிறகு இவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் வராது என்பது அவளுக்குத் தெரியும். பேனையைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் காரைப் பார்த்தாள்.

"அண்டைக்கு இது தண்ணியில மிதந்ததா, ஐயா?"

"மிதந்தது."

"ஆக்கள் இருந்தவங்களா?"

"நானும் மனிசியும்."

அவள் படகு என்ற பெட்டியில் சரி போட்டாள். நீளம் பன்னிரண்டரை அடி. நிறம் பச்சை. இஞ்சின் முப்பது குதிரைவலு. ஆட்கள் இருவர். பிடிக்கும் மீன் வகை என்று வந்தபோது கனகசூரியம் தயங்கினார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பனையிலிருந்து காரை இறக்கிய நாளில் பின் சீற்றின் அடியில் கிடந்த மீனை நினைத்து, மணலை, ஒன்று, என்றார். நிருஷா அதையும் எழுதிக்கொண்டாள். அடுத்த கிழமை ஒரு பெயின்ற்காரன் வந்து, காரின் முன்கதவு இரண்டிலும் வெள்ளை எழுத்தில் 212 என்று எழுதிவிட்டுப் போனான்.

வைகாசியில் ஒரு நாள் காலை காரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. பிரேக் இல்லை. ஹான்ட் பிரேக்கும் ஒயிலில் ஊறி வழுக்கியது. முதல் கியரில், மனிதர் நடக்கும் வேகத்தில் போனால் போதும் என்றான் அஹமட். வழியில் இராணுவக் காவலரண் ஒன்று இருந்ததுதான் சங்கடம். யுத்தநிறுத்தக் காலம்தான் என்றாலும், நில் என்று கைகாட்டிய பிறகும் நிற்காமல் வரும் வாகனத்தை அவர்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அஹமட் சைக்கிளில் முன்னால் போனான். பின்னால் ஒரு கார் வருகிறது, அது நிற்காது, அதற்கு நிற்கத் தெரியாது, தயவுசெய்து சுடவேண்டாம் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். காவலில் நின்ற சிப்பாய் அவனைப் பார்த்தான், தூரத்தில் நகர்ந்துவரும் பச்சைக் காரைப் பார்த்தான், உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து தடைக்கம்பை உயர்த்தினான். ஆனால் சோதனை சோதனைதான். கார் கடந்துபோக, அவன் அதோடு சேர்ந்து நடந்தபடியே கனகசூரியத்தின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். இன்னொருவன் மறுபக்கம் நடந்துகொண்டு உள்ளே இருந்த கண்ணகையின் அட்டையைப் பார்த்தான். மூன்றாமவன் பின்னால் வந்து டிக்கியைத் திறந்து பார்த்து மூடினான். நூற்றைம்பது அடி தூரத்தில் எல்லாம் முடிந்தது. கடைசியாக முதல் சிப்பாய் கதவிலிருந்த இலக்கத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டான்.

"போட்," என்றார் கனகசூரியம்.

அவன் தலையாட்டிவிட்டு நின்றுகொண்டான்.

திருத்தும் நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் கிரிசாந்த். முப்பது வயதிருக்கும். கடமை தவறாத மனிதர். நிலையத்து வாசலில் இருந்த மணல்மேட்டில் முட்டி நின்ற காரை அவர் சுற்றிவந்து பார்த்தார். பட்டியலை எடுத்துப் பார்த்தார். 212, பச்சை, பன்னிரண்டரை அடி. ஒரு நாடாவைக் கொண்டுவரச்செய்து அளந்தார். சரியாக இருந்தது. இது படகு இல்லையே என்று மெதுவாகச் சொன்னார். பட்டியலில் படகு என்றுதானே இருக்கிறது என்று கண்ணகை கேட்டாள். அவர் மறுபடி பட்டியலைப் பார்த்தார். பட்டியலுக்கு எதிராகப் பேச அவருக்கு அதிகாரம் இல்லை. காரை உள்ளே தள்ளச் சொன்னார்.

லேத்காரர் எதுவும் கேட்கவில்லை. சிலிண்டரைக் கையில் வாங்கி, விரலை உள்ளே விட்டுத் தடவிப்பார்த்து, மத்தியானத்துக்குள் பித்தளைக் குழாயை இறுக்கிக் கண்ணாடிபோல் தேய்த்துக் கொடுத்தார். அஹமட் புது ரப்பரைப் போட்டுச் சில்லில் பூட்டினான். பிறகு பிரேக் பைப்பில் இருந்த காற்றை எடுக்கவேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சில்லடியில் சிறிய நட்டைத் திறந்து மூட வேண்டும். கனகசூரியம் டிரைவர் சீற்றில் ஏறினார், ஆனால் காலை வைத்ததும் எடுக்கமாட்டேன் என்கிறார். அஹமட் விடச் சொன்னால் இன்னும் அழுத்துகிறார். அவருடைய முகம் வெளிறியிருப்பதைக் கண்ணகை கண்டாள். அவரை இறங்கச் சொல்லிவிட்டு, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு தான் ஏறினாள். அமத்து என்றால் அமத்தினாள், விடு என்றால் விட்டாள். கீழே அஹமட் நட்டோடு பொருத்தியிருந்த போத்தலுக்குள் குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன. பிறகு குறைந்தன. பிறகு வெறும் ஒயில் மட்டும் வந்தது. பெடல் பாதியில் கல்லாக நின்றது.

வேலை முடிந்தது என்று அஹமட் கையைத் துடைத்தபோது, கிரிசாந்த் இன்னொரு படிவத்தோடு வந்தார். திருத்திய படகைத் தண்ணீரில் விட்டுப் பார்க்காமல் வெளியே அனுப்ப முடியாது. போன மாதம் அப்படி அனுப்பிய படகொன்று கரையிலேயே மூழ்கிவிட்டதாம். படகு இறக்கும் சீமெந்துச் சரிவைக் காட்டினார்.

சரிவு நேராகத் தண்ணீருக்குள் போனது. கனகசூரியம் ஐந்து மாதமாகத் தண்ணீர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை. இப்போதும் திருப்பாமல், ஏலாது என்றார். கார் இங்கேயே கிடக்கட்டும், நடந்து கூடாரத்துக்குப் போவோம் என்றார். கிரிசாந்த் படிவத்தைப் பிடித்துக்கொண்டு தர்மசங்கடத்தோடு நின்றார்.

கண்ணகை போய் முன் சீற்றில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இஞ்ச வாங்க," என்றாள். "அண்டைக்கு நீங்க சரியாத்தான் மிதிச்சீங்க. தண்ணியிலதான் பிழை."

அவர் வந்து ஏறினார்.

கார் சரிவில் இறங்கத் தொடங்கியது. பாதிவரை மெதுவாகப் போனது, பிறகு தன் பாரத்தில் வேகம் பிடித்தது. ஓரத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். முன்சில்லுகள் பாசியைத் தொடும் நேரம் கனகசூரியம் மிதித்தார். கார் நின்றது. இழுபடவுமில்லை, ஒரு பக்கம் திரும்பவுமில்லை. சிறிய அலை ஒன்று வந்து பம்பருக்குக் கீழே தட்டிவிட்டுப் போனது. அவர் மிதித்த காலை எடுக்காமல் அழுதார். கண்ணகை தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரிவர்ஸ் போடச் சொன்னாள்.

கிரிசாந்தின் படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. படகு நீரில் சென்றது, செல்லவில்லை. அவர் நேர்மையான மனிதர். செல்லவில்லை என்பதில் சரி போட்டார். அதற்குக் கீழே அச்சடித்திருந்தது, திருத்த முடியாத படகுக்குப் பதிலாகப் புதிய படகு வழங்கப்படும் என்று.

ஆனியில் ஒரு லொறி வந்து, வெள்ளைப் பைபர் படகொன்றையும் வெளியிணைப்பு இஞ்சினையும் கூடாரத்துக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போனது. கனகசூரியம் அதை மூன்று நாள் சுற்றிச்சுற்றி வந்தார். அவருக்கு மீன்பிடி தெரியாது. நாலாவது கூடாரத்தில் நாகரெத்தினம் என்ற மீனவர் இருந்தார். இருபது வருடம் கடலுக்குப் போனவர். அவருடைய படகு சேதமாகவில்லை, முழுதாகவே காணாமல்போயிருந்தது. சேதமான படகைக் காட்டினால்தான் பதியலாம் என்று நிருஷா சொல்ல, காட்ட ஒன்றும் இல்லாததால் அவர் பெயர் பட்டியலில் ஏறவேயில்லை. கனகசூரியம் அவரைக் கூட்டிவந்து படகைக் காட்டினார்.

"நீங்க எடுங்க, நாகரெத்தினம்."

"பேர் உங்கட பேர்தானே?"

"பேர் கிடக்கட்டும்."

ஆனால் பெயர் சும்மா கிடக்கவில்லை. படகை மாற்றி எழுத முடியாது என்றார்கள். கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் எடுக்க வேண்டும். உரிமையாளர் ஒவ்வொரு விடியலும் நேரில் வந்து கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். ஆகவே கனகசூரியம் தினமும் ஐந்து மணிக்கு நாகரெத்தினத்தையும் வலையையும் மொரிசில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனார். தண்ணீருக்கு முதுகைக் காட்டியபடி கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பினார். அடுத்த வருடம் சண்டை மூண்டு, வாகரைப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில் கடலுக்குப் போகவே தடை. அப்போதும் போய், படகு இன்று போகவில்லை என்று கையெழுத்து வைத்தார். வலது பின்சில்லின் சிலிண்டரும் ஒழுகத் தொடங்க, அஹமட் அதையும் அதே லேத்காரரிடம் கொண்டுபோய்க் குழாய் போட்டுவந்தான். அப்போது அந்த நிறுவனம் ஊரைவிட்டுப் போயிருந்தது, லேத் மட்டும் இருந்தது.

யுத்தம் முடிந்த வருடத்தின் கடைசியில் ஒரு விடியல், அவர்கள் கரைக்குப் போனபோது கடற்படைக் கொட்டிலில் யாரும் இல்லை. மேசை இருந்தது. கதிரை இருந்தது. கொப்பி இல்லை. இனிப் பாஸ் தேவையில்லையாம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

கனகசூரியம் பேனையைப் பையில் போட்டார். நாகரெத்தினம் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அன்று அலை கொஞ்சம் கடுமை, படகு திரும்பத்திரும்பக் கரைக்கே வந்தது. கனகசூரியம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பின்பக்கத்தில் கை கொடுத்தார். படகு மிதக்கும்வரை தள்ளினார்.

திரும்பி வந்தபோது கண்ணகை அவருடைய களிசானைப் பார்த்தாள். தொடைவரை ஈரம். என்ன என்று கேட்டாள். தள்ளினேன் என்றார். அவள் கொடியில் கிடந்த சாறத்தை எடுத்துக் கொடுத்தாள்.