கோணல் பல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். பாறையில் கிடைக்கும் சுறாப் பல் எந்த இனத்துடையது என்று பிரித்து எழுதும் வேலையில் முப்பது வருஷம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சுறாவுக்கு எலும்பு கிடையாது. எல்லாம் குருத்தெலும்பு, செத்தால் கரைந்துபோகும். மிஞ்சுவது பல் மட்டும்தான். அதுவும் ஒரே வாயில் முன்பல் ஊசியாக, பக்கப்பல் அகலமாக, கடைசிப் பல் மொட்டையாக இருந்து தொலைக்கும். பெரும்பாலும் தனித்தனியாகத்தான் கிடைக்கும். ஒரே ஆளின் பற்களை மூன்று ஆள் என்று எழுதிவிட்டுப் போன புண்ணியவான்கள் எங்கள் தொழிலில் ஏராளம். ஒருத்தரையும் நான் திட்டாமல் விட்டதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானும் ஒரு புது இனத்துக்குப் பேர் வைத்தேன். கல்குவாரியில் தோண்டும் வண்டி ஓட்டிய என் அண்ணன், சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்து தந்த ஒரே ஒரு பல். சுண்டுவிரல் நகம் அளவு, ஒரு பக்கமாகச் சாய்ந்த கோணல் பல். எந்தப் புத்தகத்திலும் அதற்கு ஜோடி இல்லை. அண்ணன் பேரையே வைத்தேன். அவன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பேர் அச்சான பக்கத்தை அண்ணி சட்டம் போட்டு, அவன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை, கல்லைச் சுரண்டிப் பல்லை வெளியே எடுக்கும் எங்கள் ஊழியர் ஒரு பாறைத் துண்டோடு என் மேஜைக்கு வந்தார். அவரைச் சுரண்டி என்றுதான் கூப்பிடுவோம்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க," என்றார்.

அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே சுறாவின் இருபத்தாறு பற்கள், வரிசை கலையாமல் கல்லுக்குள் இருந்தன. எங்கள் அறையில் மூன்று இழுப்பறை நிறையக் கிடக்கும் இனம். தினமும் வருவதால் நாங்கள் அதற்கு வைத்த செல்லப் பேர் 'வாடிக்கை'. வலது வரிசையும் இடது வரிசையும் சந்திக்கும் இடுக்கில் ஒரு குட்டிக் கோணல் பல் இருந்தது.

"உங்க அண்ணன் வேற குடும்பத்துல உக்காந்திருக்காரு," என்றார் சுரண்டி.

அண்ணன் தந்த பல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். அந்தச் சாய்வும் வேரில் இருக்கும் பள்ளமும் அச்சு அசல். புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

சுரண்டி குரலைத் தாழ்த்தினார். "இன்னும் யாரும் பாக்கல. அந்த ஒரு பல்லு லேசாத்தான் ஒட்டியிருக்கு. ஊசி கொஞ்சம் வழுக்கினா தனியா வந்துடும். வந்துட்டா அது யாரோ, இது யாரோ."

"வாயை மூடிக்கிட்டுப் போய்யா."

போனார். கல்லையும் ஊசியையும் வைத்துவிட்டுத்தான் போனார்.

பொய் எதற்கு, ஊசியைக் கையில் எடுத்தேன். திருத்தி எழுதினால் அண்ணன் பேர் செல்லாது. ஒரே இனத்துக்கு இரண்டு பேர் இருந்தால் முதலில் வைத்த பேருக்குத்தான் உரிமை, வாடிக்கையின் பேர் எப்போதோ அச்சானது. அவனுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அவன் பேர் சொல்ல உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். ஊரையெல்லாம் திட்டிய வாய் இது என்றும் தோன்றியது. ஊசியைக் கீழே வைத்தேன். விதிப்படி வெளியே கொண்டுபோகக் கூடாத அண்ணன் பல்லைப் பையில் போட்டுக்கொண்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அண்ணி வீட்டுக்குப் போனேன்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, பேர் போயிடும், சட்டத்தைக் கழற்றணும் என்று நின்றபடியே கொட்டித் தீர்த்தேன். அண்ணி தலையணை உறையை நாலாக மடித்து வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு பழைய மாத்திரை டப்பாவோடு வந்தார். உள்ளே பஞ்சில் நீளமாக, நேராக, அழகான ஒரு பல்.

"வாடிக்கை. மேல் தாடை, முதல் முன்பல்." வாய் தானாகச் சொன்னது. "இது ஏது அண்ணி?"

"அதே கல்லுதான். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. உங்க அண்ணன் இங்க உக்காந்து ஸ்க்ரூ டிரைவரால நெம்பிப் பிரிச்சாரு. நேரா இருக்கிறது உனக்கு, கோணலா இருக்கிறது பாப்பாவுக்கு, அவளுக்கு நேரா இருக்கிற எதுவும் பிடிக்காதுன்னாரு."

பாப்பா நான்தான். ஐம்பத்தாறு வயசுப் பாப்பா.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"உனக்கு மட்டும் தந்ததா நெனச்சு நீ பூரிச்சுப்போய் இருந்தே. எனக்கும் ஒண்ணு குடுத்தாருன்னு எதுக்குச் சொல்லணும்?"

இரண்டு பல்லையும் சேர்த்துப் பார்த்தேன். வேரோடு வேர் பொருந்தி உட்கார்ந்தது. ஸ்க்ரூ டிரைவர் கீறல் இரண்டிலும் ஒரே கோடாக ஓடியது. சுரண்டி ஜாடையாகச் சொன்னதை அண்ணன் அன்றைக்கே செய்து முடித்திருக்கிறான். திட்ட ஆள் இல்லாமல், அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"படம் எடுக்கணும், இதைக் கொடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்துடணும்," என்றார் அண்ணி. "சட்டம் அங்கேயேதான் இருக்கும். உங்க ஆபீசுல என்ன வேணா எழுதிக்கோ."

எழுதிவிட்டேன். அந்தப் பேர் செல்லாது, தவறு என்னுடையது. இரண்டு பற்களும் ஒன்றாகவே கிடைத்தன. கண்டெடுத்தவர் அவற்றைப் பிரித்து, ஒன்றை மனைவிக்கும் ஒன்றைத் தங்கைக்கும் கொடுத்தார். கடைசி வரி ஆராய்ச்சிக்குத் தேவையில்லையே மேடம் என்றார் சுரண்டி. போய்யா என்றேன்.