ஏணியைப் பிடித்திருந்த அன்னத்தாய்

ஆடி மாதக் கோயில் கொடைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலையில், வேப்பமரத்தில் சாத்தியிருந்த ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தபோது அன்னத்தாய் மங்கிப்போனாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிட்டாள், நடந்தாள், குரலும் முன்பு போலவே கணீரென்று இருந்தது. ஓரங்கள் மட்டும் போய்விட்டன. மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சேலைக் கரை சேலைக்குள்ளேயே கரைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஆட்கள் எப்படித் தெரிவார்களோ, அப்படி அவள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தாள். அவளோடு சேர்ந்து ஒரு தண்ணீர்த் தொட்டியும், பாதி மதில் சுவரும், பக்கத்து வீட்டுச் சந்தனமாரியின் செவலை ஆடும் மங்கின. ஆட்டை அடுத்த வாரமே சந்தையில் விற்றார்கள். எடை மங்கவில்லை என்பதால் விலை குறையவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த ஃபர்ஹத்துக்கு, சவூதியில், தம்மாமில் இருந்த அவள் அண்ணன் சல்மான் ஃபாரிஸ் ஒரு கேமரா அனுப்பியிருந்தான். புதிதாகப் படம் பிடிக்கப் பழகுகிறவர்கள் வாங்குகிற கேமராதான். கூடவே கட்டையாக ஒரு லென்ஸ். ஆற்றங்கரை ஊர்களில் அப்போது எல்லாருக்கும் ஒரே ஆசை: படத்தில் தனக்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியக்கூடாது. கல்யாண ஆல்பத்தில் மண்டபம் தெரியக்கூடாது, காதுகுத்து பேனரில் தாய்மாமன் வீடு தெரியக்கூடாது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்கூட இறந்தவருக்குப் பின்னால் ஊர் கரைந்து கிடந்தது. அதைத்தான் நல்ல படம் என்றார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆவணப்படப் போட்டி நடத்துகிறது என்று கேள்விப்பட்ட ஃபர்ஹத், தன் தெருவிலேயே இருந்த மைக்செட் சங்கிலிபூதத்தானைப் படம் எடுக்க முடிவு செய்தாள். பாபநாசம் முதல் சேரன்மகாதேவி வரை கொடை, கல்யாணம், சடங்கு எதுவானாலும் கூம்புக் குழாய் கட்டுகிறவர் அவர்தான். அன்னத்தாய் அவர் மனைவி. வயர் சுற்றுவதும், பெட்டி தூக்குவதும், ஏணி பிடிப்பதும் அவள் வேலை. படம் எடுக்கிற அன்று சங்கிலிபூதத்தான் தலைக்கு எண்ணெய் தேய்த்து, வெள்ளைச் சட்டை போட்டு, குழாயை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஏணியில் ஆள் இல்லை. ஆனாலும் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அவளைப் பின்னால் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்.

“ஏட்டி, எம் பின்னாடி உள்ளதெல்லாம் சுத்தமாப் போயிரணும், பாத்துக்க. நான் மட்டும் பளிச்சுன்னு தெரியணும்.”

“போயிரும் அண்ணாச்சி,” என்று ஃபர்ஹத் லென்ஸின் வாயை முழுசாகத் திறந்தாள். போய்விட்டது.

படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பின்னால் அசைகிற அந்தப் புகை மூட்டம் உழைப்பின் குறியீடு என்று நடுவர் ஒருவர் மேடையில் பேசினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அன்னத்தாயும் கைதட்டினாள்.

அதன் பிறகு மாதங்கள் போயின. ரேஷன் கடை இயந்திரத்துக்கு அவள் விரலில் ரேகை அகப்படவில்லை. அவளைப் பார்த்தவர்களில் பலர் தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று இலவசக் கண் முகாமுக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்தார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இவள் ஏறினால் நடத்துநர் தலையைச் சொறிந்தார். “ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாம நான் எந்தச் சீட்டக் கிழிக்க?” என்பார். “ஒங்க ஆத்தாகிட்டப் போயிக் கேளும்” என்பாள் அன்னத்தாய். குரலைக் கேட்டதும் சீட்டு வந்துவிடும்.

வள்ளியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கனி தினமும் வீடியோவில் பேசுவாள். “எம்மா, நெட்டு சரியில்ல, கொஞ்சம் வெளிய வந்து பேசேன்” என்பாள். அன்னத்தாய் வாசலுக்கு வருவாள். “இன்னும் கொஞ்சம் அங்கன தள்ளி.” தெருமுனை வரை போவாள். ஒருநாள் இப்படியே ஆற்றுப் படித்துறை வரைக்கும் போய்விட்டு, தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, “நெட்டு நல்லாத்தான் இருக்கு, நாந்தான் இப்பிடி” என்று சொன்னாள். கனி அழுதாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். தையில் வளைகாப்பு. சம்பந்தியம்மாள் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். “முதல் வளையல் போடுதவ முகம் பிள்ளத்தாச்சிக்குத் தெளிவாத் தெரியணும். இல்லன்னா நல்லதில்ல. மங்கலாத்தான் வருவாவன்னா அவுக வரவேண்டாம், சித்தியப் போடச் சொல்லுங்க” என்று போன் செய்துவிட்டார்.

அன்னத்தாய் அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ரேஷன் அரிசி போனது பெரிதில்லை. கனி கையில் சித்தி வளையல் போடுவதை எண்ணியபோது, சுற்றி முடித்த வயரை அவிழ்த்து முதலிலிருந்து சுற்றினாள்.

ஃபர்ஹத் தினமும் கடை விட்டதும் கேமராவோடு வந்தாள். “நான் மங்க வச்சத நானே தெளிய வச்சிருதேன்க்கா” என்றாள். அன்னத்தாயைத் தனியே நிறுத்தி எடுத்தாள். லென்ஸ் கிர்ர் கிர்ர் என்று முன்னும் பின்னும் ஓடியது. பற்றிக்கொள்ள ஒரு விளிம்பு இல்லாமல் தவித்தது. கையால் திருகிப் பார்த்தாள். ஒருநாள் வலது காது மட்டும் தெளிந்தது. அடுத்தடுத்த நாள்களில் அதுவும் கலங்கிவிட்டது. கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

“அக்கா, மூக்குத்தி மின்னும்லா. அது எந்தப் பக்கம்னு சொன்னா அத வச்சிப் புடிச்சிருவேன்.”

அன்னத்தாய் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். இவுக சொல்லட்டும்.”

சங்கிலிபூதத்தான் மீசையைத் தடவினார். “வலது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இல்லளா, இடது” என்றார். பிறகு, ஊத்துமலையில் ஒரு சடங்கு வீட்டில் ஆம்ப்ளிஃபையர் புகைந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். அன்னத்தாய் எழுந்து உள்ளே போனாள். கேமராவுக்கு முன்னால் அதன் பிறகு அவள் வரவில்லை. ஃபர்ஹத் கெஞ்சியும் பார்த்தாள். “ஒம் மேல வருத்தமில்லட்டி” என்ற பதில் மட்டும்தான் வந்தது.

கார்த்திகைக் கடைசியில் வளைகாப்புக்கு நாள் குறிக்க இருவரும் வள்ளியூருக்குக் கிளம்பினார்கள். சங்கிலிபூதத்தான் எப்போதும் முன்னால் நடப்பார். அன்னத்தாய் பத்தடி பின்னால் வருவாள். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். பெண்டாட்டியோடு ஒட்டிக்கொண்டு நடப்பவனைப் பார்த்தால் அந்தத் தெருவில் கேலியாக இருமுவார்கள். வாய்க்கால் திருப்பத்தில் அவள் செருப்பு வார் அறுந்தது. இரண்டு தடவை கூப்பிட்டாள். வாழ்நாள் முழுக்கக் குழாய்களுக்குக் கீழே நின்ற காது அது, கேட்கவில்லை. ஆற்றிலிருந்து எழுந்த பனி அன்று வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்திருந்தது. நகரப் பேருந்தில் ஏறும்போது சங்கிலிபூதத்தான் திரும்பிப் பார்க்காமல், “ஏறுளா” என்றார். பனியில் ஒரு கீற்று ஏறி, பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தது. நடத்துநர் பழைய சண்டையை நினைத்து, ஒன்றும் கேட்காமல் பெண்கள் சீட்டைக் கிழித்து அதன் மடியில் வைத்தார்.

வள்ளியூரில் சம்பந்தியம்மாள் பனிக்குக் காபி கொடுத்தார். கனி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, “எம்மா, ஒன் கை ஏன் இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?” என்றாள். தை இரண்டாம் வெள்ளி என்று முடிவானது. அன்னத்தாய் முன்பைவிடத் தன்மையாக இருக்கிறாள், எதிர்ப்பேச்சு இல்லை என்று சம்பந்தி வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. முற்றத்துக்கு வெயில் வந்தபோது பனி காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டது. “ஒரு வார்த்த சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாவளே!” என்று சம்பந்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் சங்கிலிபூதத்தான் அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அன்னத்தாய் வயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நாள் குறிச்சாச்சா?”

“ஆச்சு.”

“யாரக் கூட்டிட்டுப் போனீய?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “பனிய,” என்றார்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். “ஏட்டி, மூக்குத்தி எனக்குத் தெரியல. வேற வழி சொல்லு.”

ஃபர்ஹத் வேறு வழியை எப்போதோ யோசித்து வைத்திருந்தாள், சொல்லத்தான் கூச்சப்பட்டிருந்தாள். கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டு பேர் நின்றால், ஒருவரைப் பிடித்தால் போதும், மற்றவரும் தெளிந்துவிடுவார். ஆனால் முன்னே பின்னே நகரக்கூடாது. தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும்.

“தெருவுலயா?”

“வெளிச்சம் அங்கனதான் இருக்கு அண்ணாச்சி.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர் வந்து கேட்டபோது அன்னத்தாய் மறுப்புச் சொல்லவில்லை. தெருவே இருமியது. சந்தனமாரி மதில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, “ஏளா அன்னத்தாயி, மாலை எங்க? கல்யாணம் இப்பத்தான் நடக்கு போல!” என்று கத்தினாள். சங்கிலிபூதத்தானுக்கு வியர்த்தது. அரையடி முன்னால் நகர்ந்தார். ஃபர்ஹத் பின்னால் வரச் சொன்னாள். மறுபடி நகர்ந்தார். கால் பழகியபடி போகிறது, அவர் என்ன செய்வார்? கடைசியில் அன்னத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏணியைப் பிடிக்கிற பிடி அது. அதன் பிறகு அவர் நகரவில்லை. லென்ஸ் அவர் மீசையைப் பற்றிக்கொண்டது.

முதலில் சேலைக் கரை வந்தது. பிறகு வளையல்கள், நரைத்த இரண்டு முடி, கன்னத்து மரு, கண். சங்கிலிபூதத்தான் தலையைத் திருப்பி, கல்யாணத்தன்று பார்த்திருக்க வேண்டிய முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமுமாளா மூக்குத்தி?”

“எங்க அம்மா வீட்டுலயே குத்துனது.”

பின்னால் தெரு முழுக்கக் கரைந்துவிட்டது. மதில் மேலிருந்த சந்தனமாரியும் சிரித்த வாயோடு மங்கினாள். அவளை அவள் வீட்டுக்காரனோடு சேர்த்து நிறுத்தித் தெளிய வைக்க ஒரு வாரம் ஆனது. அவன் நிற்க மாட்டேன் என்று விக்கிரமசிங்கபுரத்துக்கு ஓடிவிட்டான், இழுத்து வந்தார்கள். நாலைந்து வீடுகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. தச்சநல்லூரிலிருந்து ஓர் ஆள் வந்து, தன்னை யாருக்காவது பின்னால் நிறுத்தி எடுக்க முடியுமா என்று ஃபர்ஹத்திடம் தனியாகக் கேட்டான். அவள் மறுத்துவிட்டாள். இப்போதெல்லாம் லென்ஸின் வாயைச் சுருக்கி வைத்துத்தான் படம் எடுக்கிறாள். ஊர் பூராவும் தெரிகிறது, அதனால் பரிசு எதுவும் கிடைப்பதில்லை.

தை இரண்டாம் வெள்ளிக்கிழமை கனியின் கையில் முதல் வளையலை அன்னத்தாய்தான் போட்டாள். சங்கிலிபூதத்தான் பெண்கள் கூட்டத்தின் நடுவே, அவள் பக்கத்தில், அசையாமல் நின்றார். சம்பந்தியம்மாள் அதைப் பற்றியும் முகத்துக்கு நேரே ஏதோ சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரு குறை மட்டும் தங்கிவிட்டது. அவர் பழக்கதோஷத்தில் இரண்டடி முன்னால் போனால் அன்னத்தாய் ஓரத்திலிருந்து கலங்கத் தொடங்குவாள். அதற்கு மருந்து தேடி யாரும் அலையவில்லை. ஆற்றுக்குப் போகும் தெருவில் யார் பார்த்தாலும், கையில் என்ன வேலை இருந்தாலும், “அண்ணாச்சி, அக்கா மங்குதாவ!” என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் மட்டும் அவர் காதில் எப்படியோ விழுந்துவிடும். தோளில் குழாயோடு நடுத்தெருவில் நின்றுகொள்வார். அவள் பைய வந்து சேர்வாள்.